இன்ஸ்டாவில் தங்கைக்கு மிரட்டல்: இதைத் தடுக்க வேண்டியது யார் பொறுப்பு?

நீங்கள் கேட்டதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பாருங்கள். கோவையில் இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் தங்கையின் படத்தை வைத்து யாரோ இன்ஸ்டாகிராமில் போலிக் கணக்கு தொடங்கியிருக்கிறார்கள். அதிலிருந்து தோழிகளுக்கு அசிங்கமாகச் செய்தி போகிறது. தங்கைக்கே, "என்னோடு பேசாவிட்டால் உன் படத்தை மார்ஃபிங் செய்து ஊர் குரூப்பில் போடுவேன்" என்று மிரட்டல் வந்திருக்கிறது. இன்ஸ்டாவில் ரிப்போர்ட் செய்தீர்கள். விதிமீறல் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. திருப்பூரில் வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போனீர்கள். "இது இன்ஸ்டாகிராம் சமாச்சாரம், முதலில் அவர்களிடம் சொல்லுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். கல்லூரியில், வெளியே நடப்பதற்கு நாங்கள் என்ன செய்ய முடியும் என்றார்கள். அப்பா போனை வாங்கி வைத்துக்கொண்டு, படிப்பை நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறார். கடைசியில் "இது யாருடைய பொறுப்பு?" என்று ஒரே வரியில் கேட்டு முடித்திருக்கிறீர்கள். எங்கே புகார் கொடுப்பது என்று மட்டும் நீங்கள் கேட்கவில்லை. ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டும்போது யாரைப் பிடித்து, எந்த உரிமையில் கேட்பது என்று கேட்கிறீர்கள்.

நான் வழக்கறிஞர். பல வருடங்களாக இணையக் குற்ற வழக்குகள்தான் என் வேலையில் பெரும்பகுதி. அதிகமும் புகார்தாரர் பக்கம். சில வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் பக்கமும் நின்றிருக்கிறேன். தங்கைக்கு வந்த செய்திகளை நான் பார்க்கவில்லை. அதனால் எந்தச் சட்டப் பிரிவு கடைசிவரை நிற்கும் என்று இங்கிருந்து அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது அத்தனையும் நடந்திருந்தால், இதில் குழப்பத்துக்கு இடமில்லாத விஷயங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றை முதலில் சொல்கிறேன்.

குற்றம், அதைச் செய்தவனுடையது. அதில் பங்கு போட யாருமில்லை, உங்கள் தங்கை உட்பட. தடுக்கும் பொறுப்பு மட்டும் பலருக்கும் தனித்தனியாக இருக்கிறது. கணக்கையும் படத்தையும் நீக்க வேண்டியது நிறுவனம். ஆளைக் கண்டுபிடிக்க வேண்டியது போலீஸ். வளாகத்துக்குள் அவரைப் பாதுகாக்க வேண்டியது கல்லூரி. அவரை நம்ப வேண்டியது வீடு. இவர்களில் ஒருவர் வேலையைத் தொடங்க இன்னொருவர் முடித்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. எனவே ஸ்டேஷனில் உங்களுக்குச் சொன்ன பதில் சட்டப்படி தவறு. இன்ஸ்டாகிராமிடம் கேட்டுவிட்டு வா என்று சொல்லி ஒரு புகாரைத் திருப்பி அனுப்ப அவர்களுக்கு அதிகாரம் கிடையாது.

ஏன் என்று சொல்கிறேன். அடுத்தவர் பெயரிலும் படத்திலும் கணக்கு வைத்து ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் வரும். மூன்று வருடம் வரை சிறை. ஒரு பெண் விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஓர் ஆண் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதும், அவளுடைய இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பதும் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆவது பிரிவு. படத்தைப் போடுவேன் என்ற மிரட்டல் 351ஆவது பிரிவு. ஒரு பெண்ணின் ஒழுக்கத்தைக் களங்கப்படுத்துவேன் என்று மிரட்டினால் அதில் ஏழு வருடம் வரை தண்டனை இருக்கிறது. பெயரை மறைத்துக்கொண்டு மிரட்டினால் மேலும் இரண்டு வருடம் வரை சேரும். உண்மையிலேயே ஆபாசப் படத்தைப் போட்டுவிட்டால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67, 67ஏ பிரிவுகளும் வந்துவிடும். அந்தப் பிரிவுகள் அனுப்பினவனோடு நிற்காது. அதை வாங்கி அடுத்த குரூப்புக்குத் தள்ளிவிடுகிறவனும் அவற்றில் சிக்குவான்.

இவற்றில் 66டியும் 78உம் போலீஸ் தானாகவே வழக்குப் பதிந்து விசாரிக்கக்கூடிய குற்றங்கள். ஒரு புகாரில் அப்படிப்பட்ட குற்றம் ஒன்று இருந்தாலே போதும், முழுப் புகாரையும் அப்படித்தான் நடத்த வேண்டும். லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, இப்படிப்பட்ட தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இதில் ஒரு நெளிவு உண்டு. புதிய நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173(3) பிரிவின்படி, மூன்று முதல் ஏழு வருடத்துக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் ஓர் ஆரம்ப விசாரணை செய்துவிட்டுப் பதிவு செய்யலாம். "விசாரிக்கிறோம்" என்று சொன்னால் அது இந்தப் பிரிவில் நடக்கிறதா என்று கேளுங்கள். விசாரிக்காமலே திருப்பி அனுப்ப இந்தப் பிரிவு இடம் தரவில்லை.

கோவையில் நடந்தது, அங்கே போய்க் கொடு என்பது அடுத்து வரும் பதில். அதுவும் செல்லாது. எந்த ஊர் எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவலைப் பதிய வேண்டும் என்று அதே 173ஆவது பிரிவு சொல்கிறது. பதிந்துவிட்டு உரிய ஸ்டேஷனுக்கு அனுப்புவது அவர்கள் வேலை. "எங்களால் சைபர் கேஸ் விசாரிக்க முடியாது" என்று சொன்னால் அதில் பாதி உண்மை இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாதவர்தான் விசாரிக்க வேண்டும். எஸ்.ஐ. மட்டும் இருக்கும் நேரத்தில் போயிருந்தால் இதைச் சொல்லியிருக்கலாம். மனுவை வாங்க அது தடையில்லை.

மனுவை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. என்னிடம் வருபவர்கள் கொடுத்திருக்கும் மனுக்களில் பெரும்பாலும் "இன்ஸ்டாகிராமில் என் மகளுக்குத் தொல்லை தருகிறார்கள், நடவடிக்கை எடுக்கவும்" என்றுதான் இருக்கும். அதைப் படிக்கும் ஸ்டேஷன் ரைட்டருக்கு (எழுத்தருக்கு) என்ன குற்றம் என்றே தெரியாது, ஓரமாக வைத்துவிடுவார். அதற்குப் பதில், "12ஆம் தேதி இரவு 10.42க்கு, என் தங்கையின் படத்தை முகப்பில் வைத்திருக்கும் இந்தக் கணக்கிலிருந்து, அவர் எண்ணுள்ள போனுக்கு, இந்த வாசகம் வந்தது" என்று எழுதி, வாசகத்தை ஓர் எழுத்து மாறாமல் மேற்கோளில் போடுங்கள். கெட்ட வார்த்தை இருந்தாலும் புள்ளி வைத்து மறைக்காதீர்கள். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு வரி, தேதி வாரியாக. கடைசியில் மேலே சொன்ன பிரிவுகளைக் குறிப்பிட்டு, எஃப்.ஐ.ஆர். பதியக் கேளுங்கள். மனு ரசீது, அதாவது சி.எஸ்.ஆர். வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். வாயால் சொல்லிவிட்டு வந்தது எந்தக் கணக்கிலும் சேராது.

கூடவே மத்திய உள்துறையின் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியுங்கள். பெண்கள், குழந்தைகள் மீதான குற்றங்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. பெயர் சொல்லாமலும் அங்கே புகார் தரலாம். ஆனால் உங்கள் விஷயத்தில், பிறகு நிலவரம் பார்க்க வசதியாகப் பெயரோடு பதிவதே நல்லது. அந்தப் பதிவே எஃப்.ஐ.ஆர். ஆகிவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள். அது உங்கள் மாவட்ட சைபர் கிரைம் போலீசுக்குப் போகும், அங்கே ஒருவர் அதை எடுக்க வேண்டும். 1930 எண்ணைப் பலரும் சொல்வார்கள். அது முக்கியமாகப் பணம் பறிபோனவர்களுக்கு, நிமிடக்கணக்கில் வங்கிக் கணக்கை முடக்குவதற்கு. இது மாதிரி மிரட்டலுக்கு எழுத்து மனுதான் கை கொடுக்கும்.

ஆதாரம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல வழக்குகள் கெட்டுப்போவது இங்கேதான். பயத்தில் பிள்ளைகள் முதலில் செய்வது செய்திகளை அழித்துவிட்டு பிளாக் செய்வது. ரிப்போர்ட், பிளாக் இரண்டுக்கும் முன்னால் எல்லாவற்றையும் பதிவு செய்யுங்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. ஸ்கிரீன் ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டு, ஆப்பைத் திறப்பதிலிருந்து தொடங்கி, அந்தக் கணக்கின் முகப்பு, யூசர்நேம், பின்தொடர்பவர்கள், பிறகு செய்திகளை மேலிருந்து கீழ்வரை நிதானமாக நகர்த்திக் காட்டுங்கள். முகப்பின் இணைப்பு முகவரியைத் தனியாக நகல் எடுத்து வையுங்கள். யூசர்நேமை அவன் நாளைக்கே மாற்றிவிடலாம் என்பதால் எந்தத் தேதியில் என்ன பெயர் இருந்தது என்பதையும் எழுதுங்கள். தோழிகளுக்குப் போன செய்திகளை அவரவர் போனிலேயே அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு ஃபார்வர்டு செய்த நகலைவிட அதற்குத்தான் மதிப்பு. மின்னணு ஆதாரத்தோடு சாட்சியச் சட்டத்தின், அதாவது பாரதிய சாக்‌ஷிய அதிநியத்தின், 63ஆவது பிரிவுப்படி ஒரு சான்றிதழ் தர வேண்டும். பழைய சட்டத்தில் 65பி என்று இருந்தது இதுதான். அது இல்லாமல் ஸ்கிரீன்ஷாட் அச்சை நீதிமன்றம் ஏற்காது. அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். அந்தச் செய்திகள் வந்த போனை விற்காமல், ரீசெட் செய்யாமல் வைத்திருப்பது உங்கள் வேலை. அப்பா வாங்கி வைத்திருக்கிறார் அல்லவா, அதில் எதையும் அழித்துவிட வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

தங்கை அவனுக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பலாம்: "எனக்கு விருப்பமில்லை, இனி எந்த வகையிலும் தொடர்புகொள்ள வேண்டாம்." 78ஆவது பிரிவு தெளிவான மறுப்பைக் கேட்கிறது, அதனால் இந்த வரி பின்னால் உதவும். அதற்குப் பிறகு பதிலே வேண்டாம். கெஞ்சலும் பேரமும் வேண்டாம். பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். நான் பார்த்த வழக்குகளில் ஒருமுறை கொடுத்தவரிடம் மறுபடி கேட்காமல் விட்டவர்கள் மிகக் குறைவு.

ஆளைப் பிடிப்பது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் நேரத்தைத் துல்லியமாகக் குறிக்கச் சொல்வது ஏன் என்று புரியும். போலீஸ் அந்த நிறுவனத்துக்கு எழுதி, கணக்கைத் தொடங்கிய போன் எண், மின்னஞ்சல், உள்நுழைந்த ஐ.பி. முகவரிகளை (இணைய இணைப்பின் அடையாள எண்களை) கேட்கும். சட்டப்படி வந்த கோரிக்கைக்கு 72 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்று 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன. ஐ.பி. கிடைத்தாலும் அதோடு வேலை முடிந்துவிடாது. நம் ஊர் மொபைல் நிறுவனங்கள் ஒரே ஐ.பி. முகவரியை ஒரே நேரத்தில் ஏராளமான வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுத் தருகின்றன. எந்த நொடியில், எந்த போர்ட் எண்ணில் என்று தெரிந்தால்தான் ஒருவரைச் சுட்ட முடியும். நிறுவனம் தரும் பட்டியலில் நேரம் பெரும்பாலும் சர்வதேச நேரத்தில் இருக்கும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். இரவு 10.42க்கு வந்த செய்தி அங்கே மாலை 5.12 என்று நிற்கும். அதிகாலை 2 மணிக்கு வந்தது முந்தைய நாள் தேதியில் கிடக்கும். இதை மாற்றாமல் மொபைல் நிறுவனத்துக்கு எழுதினால் சம்பந்தமே இல்லாத ஒருவர் பெயர் வரும். நீங்கள் மனுவில் இந்திய நேரத்தை நிமிடம் வரை குறித்திருந்தால் விசாரிப்பவருக்கு ஒத்துப்பார்க்க ஒரு பிடி கிடைக்கும். கணக்கை அவனே மூடிவிட்டாலும் பதிவு விவரங்களை நிறுவனம் 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அதற்குமேல் தாமதமானால் கேட்டும் பயனில்லாமல் போகலாம்.

இனி நிறுவனத்தின் பொறுப்பு. ஆப்பில் மூன்று புள்ளியைத் தொட்டு நீங்கள் செய்த ரிப்போர்ட்டை அந்த நிறுவனம் தன் சொந்த விதிகளை வைத்துப் பார்க்கிறது. பெரும்பாலும் இயந்திரம்தான் பார்க்கிறது, தமிழில் வந்த மிரட்டல் அதற்குப் புரிவதும் கஷ்டம். இந்தியச் சட்டப்படியான புகார் வேறு. 2021 விதிகளின்படி 50 லட்சத்துக்கு மேல் பயனர் உள்ள தளங்கள் இந்தியாவில் வசிக்கும் குறைதீர்ப்பு அதிகாரி ஒருவரை வைத்து, அவர் பெயரையும் தொடர்பு முகவரியையும் தளத்தில் போட்டிருக்க வேண்டும். அவருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். நிர்வாணப் படம், மார்ஃபிங் படம், ஆள்மாறாட்டம் இந்த மூன்றுக்கும் விதியில் தனி இடம் இருக்கிறது: பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் வேறு யாரோ புகார் தந்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021இல் வைத்தார்கள். பிறகு வந்த திருத்தம் இந்தக் கெடுவை இன்னும் குறுக்கிவிட்டது. "அவர் சார்பில் வேறு யாரோ" என்று இருப்பதால் அண்ணனாகிய நீங்களே அனுப்பலாம். புகாரில் "ஆள்மாறாட்டம்", "விதி 3(2)(பி)" என்று வெளிப்படையாக எழுதுங்கள்; பொதுவாக "துன்புறுத்தல்" என்று எழுதினால் அது நீண்ட கெடு உள்ள வரிசைக்குப் போய்விடும்.

அங்கேயும் மறுத்தால் மத்திய அரசு அமைத்திருக்கும் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்கு 30 நாளுக்குள் போகலாம். 2023 மார்ச் முதல் இயங்குகிறது, எல்லாமே இணையம் வழியாகத்தான். இப்படி ஒரு வழி இருப்பதே நிறையப் பேருக்குத் தெரியாது. மார்ஃபிங் படம் வெளிவந்துவிடுமோ என்ற பயத்துக்கு இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய ஸ்டாப்என்சிஐஐ என்ற தளத்தில், உங்கள் கையில் இருக்கும் அந்தப் படத்துக்கு உங்கள் போனிலேயே ஓர் எண் முத்திரை உருவாகும். படம் போனை விட்டு வெளியே போகாது, முத்திரை மட்டும் போகும். அதில் சேர்ந்திருக்கும் தளங்கள் அதே படம் ஏறினால் அடையாளம் கண்டு தடுக்கும். 18 வயது நிரம்பியவர்களுக்கானது. படம் கையில் இருந்தால்தான் பயன், கொஞ்சம் மாற்றிய படத்தைத் தவறவிடவும் கூடும். முழுக் கவசம் என்று நம்பிவிடாதீர்கள்.

நிறுவனங்கள் பற்றி என் கருத்து கடுமையானது. அந்தக் கணக்கு எந்தப் போனில் தொடங்கப்பட்டது, அதே போனில் வேறு எந்தக் கணக்குகள் இருக்கின்றன என்பதை அறியும் வசதி அவர்களுக்கு இருப்பதுபோல எந்தப் போலீசுக்கும் இல்லை. அப்படியிருந்தும், பயனர் போடுவதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று அவர்கள் சொல்ல முடிகிறது என்றால் அது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆவது பிரிவு தரும் பாதுகாப்பால். ஸ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24 அன்று வந்த தீர்ப்பு, நீதிமன்ற உத்தரவோ அரசு அறிவிப்போ வந்த பிறகுதான் நிறுவனத்துக்கு "தெரிந்ததாக" எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அந்தப் பிரிவின் வீச்சைச் சுருக்கிப் பொருள் சொன்னது. கருத்துச் சுதந்திரத்துக்கு அது தேவையான பாதுகாப்பு. ஒருவர் புகார் சொன்னதுமே எதையும் நீக்கலாம் என்றால் அதிகாரத்தை விமர்சிப்பதெல்லாம் முதலில் காணாமல் போகும். அந்தரங்கப் படத்துக்கும் ஆள்மாறாட்டத்துக்கும் அதே தயக்கம் காட்டுவதில் நியாயமில்லை, அதனால்தான் 2021 விதிகள் அவற்றைத் தனியாகப் பிரித்தன. 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில், ஒரு பெண் வழக்கறிஞரின் அந்தரங்கக் காணொளிகள் பல தளங்களில் பரவிய வழக்கில், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அவற்றை 48 மணி நேரத்துக்குள் நீக்கச் செய்யும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டார். அதைத் தொடர்ந்துதான் இப்படிப் பாதிக்கப்பட்டவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று மத்திய அரசு அந்த வருடம் நவம்பரில் ஒரு வழிமுறையை வெளியிட்டது.

இதுவரை சொன்னது உறுதியானது. இனி அவ்வளவு உறுதியில்லாததைச் சொல்கிறேன். வெறும் வசவு, கேலி, நூறு பேர் சேர்ந்து ஒருவரைக் கிண்டலடிப்பது இதற்கெல்லாம் இந்தியச் சட்டத்தில் தனிப் பிரிவு இல்லை. முன்பு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஏ பிரிவு இருந்தது. "எரிச்சலூட்டும்", "சங்கடம் தரும்" செய்தி என்றாலே மூன்று வருடச் சிறை. 2012இல் பாடகி சின்மயி தனக்கு வந்த ட்விட்டர் தாக்குதல் பற்றிக் கொடுத்த புகாரிலும் அந்தப் பிரிவு பயன்பட்டது. அதே வருடம் மகாராஷ்டிரத்தின் பால்கரில், பால் தாக்கரே மறைவையொட்டிய கடையடைப்பைப் பற்றி ஃபேஸ்புக்கில் எழுதிய ஓர் இளம்பெண்ணையும் அதற்கு லைக் போட்ட தோழியையும் கைது செய்யவும் அதே பிரிவுதான் பயன்பட்டது. நான் சொன்ன அந்த 2015 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதை மொத்தமாக நீக்கியது. நீக்கியது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த இடம் காலியாகவே கிடக்கிறது. இன்னொரு கைதுச் சட்டம் கொண்டுவந்து அதை நிரப்பினால் மறுபடி ஏழை எளியவனும் ஆட்சியை விமர்சிப்பவனும்தான் உள்ளே போவார்கள். ஆஸ்திரேலியாவில் 2015 முதல் இதற்கென்றே இசேஃப்டி கமிஷனர் என்று தனி அமைப்பு இருக்கிறது. ஒரு குழந்தையை இணையத்தில் துன்புறுத்தும் பதிவைத் தளம் 48 மணி நேரத்தில் நீக்காவிட்டால் அந்த அமைப்பே நீக்க உத்தரவிடலாம். அங்கே குடும்பம் போலீசுக்கும் கம்பெனிக்கும் நடுவில் அலைய வேண்டியதில்லை. நம்மிடம் அப்படி ஒரு தனி அமைப்பு வர வேண்டும் என்பது என் ஆசை; எல்லா வழக்கறிஞர்களும் ஒத்துக்கொள்வார்கள் என்று சொல்லமாட்டேன்.

ஆள் கட்டாயம் பிடிபடுவானா? சொல்ல முடியாது. இருப்பிடத்தை மறைக்கும் வி.பி.என். போட்டு, வேறொருவர் சிம்மில், வெளிநாட்டிலிருந்து செய்தால் விசாரணை பாதியில் நின்றுவிடுவதுண்டு. நிறுவனத்திடமிருந்து உரையாடல்களின் உள்ளடக்கத்தையே பெற வேண்டும் என்றால் அமெரிக்காவோடு உள்ள பரஸ்பர சட்ட உதவி ஒப்பந்தத்தின் வழியே போக வேண்டும், அது மாதக்கணக்கில் இழுக்கும். பிடிபட்டாலும் 66டியும், முதல் தடவை என்றால் 78உம் ஜாமீனில் விடக்கூடிய குற்றங்கள். அன்றே வெளியே வந்துவிடலாம். விசாரணை முடிந்து தீர்ப்பு வர வருடங்கள் ஆகும். இதையெல்லாம் முன்கூட்டியே தெரிந்துகொண்டு இறங்குங்கள். இன்னொரு பக்கம், என் அனுபவத்தில் இப்படிப்பட்டவன் பெரும்பாலும் எங்கோ இருக்கும் அந்நியன் இல்லை. கூடப் படிப்பவன், பழைய நண்பன், உறவுக்காரப் பையன், தெருக்காரன் என்று தெரிந்த வட்டத்துக்குள்ளேயே இருப்பான். ஸ்டேஷனிலிருந்து முதல் அழைப்பு போனதுமே நின்றுபோன வழக்குகள் ஏராளம். என்னிடம் வந்த வழக்குகளை வைத்துச் சொல்கிறேன், வராதவை எப்படியோ தெரியாது. அதனால் யார் மேலாவது சந்தேகம் இருந்தால் மனுவில் "சந்தேகம்" என்று எழுதுங்கள். நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போய் அவனை அடித்துவிடாதீர்கள்; அன்றோடு வழக்கு தலைகீழாகி நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவர் ஆகிவிடுவீர்கள்.

கல்லூரி சொன்ன பதிலும் ஏற்கத்தக்கதில்லை. செய்தவன் அங்கே படிப்பவனாக இருந்தால் செய்தி வளாகத்துக்கு வெளியே இருந்து வந்ததா உள்ளே இருந்து வந்ததா என்பது பெரிய விஷயமில்லை. பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க ஒவ்வொரு கல்லூரியிலும் உள்புகார்க் குழு இருந்தாக வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2015 விதிமுறைகள் சொல்கின்றன. முதல்வருக்கு ஒரு கடிதமும் குழுவுக்கு ஒரு கடிதமும் தங்கை கையெழுத்தில் போகட்டும், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். சீனியர் மாணவன் செய்கிறான் என்றால் தமிழ்நாட்டில் 1997 முதல் ராகிங் தடைச் சட்டமும் இருக்கிறது.

வீட்டைப் பற்றிச் சொல்ல எனக்குச் சட்டப் பிரிவு எதுவும் இல்லை. ஆனாலும் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2016 ஜூனில் சேலம் மாவட்டத்தில், ஃபேஸ்புக்கில் வந்த மார்ஃபிங் படத்தால் 21 வயதுப் பெண் ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய தந்தை சில நாட்களுக்கு முன்பே போலீசில் புகார் கொடுத்திருந்தார். மாவட்ட எஸ்.பி. பிறகு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அந்தச் சில நாட்கள்தான் என்னை இன்றும் உறுத்துகின்றன. ஆளைப் பிடிக்க மாதங்கள் ஆகலாம், ஆனால் ஒரு பெண்ணுக்கு அந்த முதல் வாரத்தைக் கடப்பதுதான் மலையாக இருக்கும். அந்த வாரத்தில் "நீ ஏன் படம் போட்டாய்", "நீ ஏன் அவனோடு பேசினாய்" என்ற கேள்விகள் வீட்டில் வரக்கூடாது. போனைப் பிடுங்குவதும் படிப்பை நிறுத்துவதும் அவர் கண்ணுக்குத் தண்டனையாகத்தான் தெரியும். அடுத்த முறை ஏதாவது வந்தால் உங்களிடம் சொல்லவே மாட்டார். ஆதாரத்தைப் பதிவு செய்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி அப்பாவிடம் பேசுங்கள். தங்கை சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல் இருந்தாலோ, வாழ்க்கை வெறுத்துப் பேசினாலோ, 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. யாராவது ஒருவர் எந்நேரமும் அவர் கூட இருங்கள்.

நாளைக்கே செய்ய வேண்டிய வரிசை இது. காலையில் ஆதாரப் பதிவு. உடனே குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல். சைபர் குற்றத் தளத்தில் பதிவு. மதியத்துக்குள் ஸ்டேஷனில் அல்லது நேராக மாவட்ட சைபர் கிரைம் ஸ்டேஷனில் எழுத்து மனு. தங்கையின் பெயரை வெளியில் தெரியாமல் வைக்கும்படி மனுவிலேயே கேளுங்கள். நான் சொன்ன 2025 வழக்கில் போலீஸ் ஆவணத்திலிருந்து அந்தப் பெண்ணின் பெயரை நீக்கச் சொன்னதும் நீதிமன்றம்தான். மனுவை வாங்க மறுத்தால் அதே மனுவைக் கமிஷனருக்கு ஸ்பீட் போஸ்டில், சேர்ந்ததற்கான ஒப்புகையோடு அனுப்புங்கள். அதற்கும் பலனில்லை என்றால் நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 175(3) பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட்டு வழக்குப் பதிய உத்தரவு கேட்கலாம். வக்கீல் கட்டணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு, 1987ஆம் வருடச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆவது பிரிவு அதைத் தருகிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கும், தொலைபேசி எண் 15100. போகும்போது மனு நகல், சி.எஸ்.ஆர். இருந்தால் அது, தபால் ஒப்புகை, நிறுவனத்துக்கு அனுப்பிய மின்னஞ்சலின் அச்சு, இவை நான்கையும் எடுத்துப் போங்கள்.